பிரஷர் குறிப்பு: நோட்டா, கருவியின் நினைவகமா, செயலியா?

வீட்டில் அளந்த ரத்த அழுத்தத்தை எழுதிவைத்த என் பழைய நோட்டில் 137 என்ற எண்ணே கிடையாது. 130 இருக்கிறது, 135 ஏராளமாக இருக்கிறது, 140 இரண்டு இடங்களில் இருக்கிறது. 137 மட்டும் ஏழு மாதங்களில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. 0, 5 என்ற இரண்டு இலக்கங்கள்மேல் கருவிக்குத் தனிப் பாசம் எதுவும் இருக்க முடியாது. பாசம் எனக்குத்தான். 137ஐ 135 என்று எழுதியவன் நான். 144 வந்தால் "சரியாக உட்காரவில்லை" என்று சொல்லிக்கொண்டு மறுபடி அளந்து, குறைந்ததை மட்டும் எழுதியவனும் நான். கருவியின் நினைவகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னோக்கித் தட்டிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அதற்குப் பிறகுதான் மற்ற வழிகளையும் ஒவ்வொன்றாக முயன்றேன்.

எதில் எழுதுவது என்பதற்கு முன்னால், என்ன எழுதுவது என்று பார்த்துவிடலாம். மருத்துவர்கள் பொதுவாகக் கேட்பது இது: ஏழு நாட்கள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவுகள். மொத்தம் 28. முதல் நாள் பதற்றத்தில் கூடுதலாக வரலாம் என்பதால் அந்த நான்கையும் விட்டுவிட்டு, மிச்சம் 24க்குச் சராசரி எடுப்பார்கள். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டு அளவுகளின் சராசரிக்கு அது 135/85. அமெரிக்க வழிகாட்டுதல் இன்னும் கறாராக 130/80 என்கிறது. எப்படிப் பார்த்தாலும் முடிவு சராசரியில்தான் இருக்கிறது, ஒற்றை அளவில் இல்லை. ஆகவே நல்ல குறிப்பு என்பது அந்த 28ஐயும் கூட்டாமல் குறைக்காமல் மருத்துவரின் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. என் உரைகல் அது ஒன்றுதான்.

நோட்டின் பலம் எண்களில் இல்லை, அவற்றுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. "இரவு தூக்கமில்லை", "மாத்திரை மறந்துவிட்டேன்", "சோபாவில் உட்கார்ந்தேன், கை தொங்கலாக இருந்தது" என்றெல்லாம் அங்கே எழுதலாம். கை தொங்குவது சின்ன விஷயம் அல்ல. கைப்பட்டை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் அளவு ஏழெட்டுப் புள்ளிகள் கூடிக் காட்டும். கால்மேல் கால் போட்டாலும், அளக்கும்போது பேசினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும். இதெல்லாம் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஒரு முறை என் மருத்துவர் எண்களின்மேல் கண்ணை ஓட்டிவிட்டு, "மூட்டு வலிக்கு மாத்திரை" என்று நான் எழுதிய வரிசையில் விரலை வைத்து நின்றார். சில வகை வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அந்த நான்கு நாட்கள்தான் மேலே போயிருந்தன. பிரஷர் மாத்திரையைக் கூட்டாமல் வலி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

நோட்டின் பலவீனம் அதை எழுதும் ஆள். குறைத்து எழுதுவது, உயர்ந்ததை விட்டுவிடுவது, அளக்காத நாளுக்கும் அளவு எழுதுவது என எல்லாம் நடக்கும். மருத்துவரைப் பார்க்கப்போகும் முந்தைய நாள் இரவு உட்கார்ந்து பத்து நாள் கணக்கை நிரப்பிய பக்கத்தை யாரும் கண்டுபிடித்துவிடலாம்: ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். நோயாளி எழுதிய நோட்டையும் கருவியில் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்தக் குளறுபடிகள் எல்லாம் வெளிவந்திருக்கின்றன. ஆகவே நான் தனி ஆள் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

கருவியின் நினைவகம் பொய் சொல்லாத சாட்சி. ஆனால் மந்தமான சாட்சி. யார் கையில் பட்டை சுற்றியிருந்தது என்று அதற்குத் தெரியாது. பல கருவிகளில் இரண்டு பேருக்குத் தனித்தனிப் பொத்தான் இருக்கும். மாற்றி அழுத்தினால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். ஒரு நாள் 112/70 என்று பார்த்துவிட்டு அரை நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். அது என் மனைவியின் அளவு. பேட்டரி மாற்றிய பிறகு தேதி, நேரத்தைத் திருத்த மறந்தால், அதற்குப் பின் வரும் அளவுகள் எல்லாம் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1, நள்ளிரவிலிருந்து தொடங்கும். கொள்ளளவு நிரம்பினால் பழையவை தாமாக அழியும். மருத்துவரின் அறையில் அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டி 28 அளவுகளைக் காட்ட யாருக்கும் பொறுமை இருக்காது, அவருக்கும் சேர்த்துத்தான். சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், ஆவணமாக ஆகாது.

செயலிக்கு வருவோம். இதில் இரண்டு சாதிகள் உண்டு. கருவியிலிருந்து புளூடூத் வழியே அளவைத் தானாக இழுத்துக்கொள்வது ஒன்று; நாமே எண்களைத் தட்டச்சு செய்வது இன்னொன்று. பின்னது, பேனா இல்லாத நோட்டு, அவ்வளவுதான். நோட்டின் எல்லாக் குறைகளும் அதில் உண்டு. குறிப்பு எழுதும் வசதி மட்டும் குறைவு. முதல் சாதி உண்மையிலேயே நல்லது. 137, 137ஆகவே போய் உட்காரும். நேரமும் கூடவே பதியும். சராசரியை அதுவே போட்டுத் தரும்.

எனக்கு அதில் இரண்டு சங்கடங்கள் வந்தன. முதலாவது வரைபடம். திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்பதற்காக என் செயலி 120க்கும் 140க்கும் இடையிலான துண்டை மட்டும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. ஆறு புள்ளி ஏறினால் மலை, இறங்கினால் பள்ளத்தாக்கு. ஆரோக்கியமான உடம்பிலேயே ரத்த அழுத்தம் ஒரு நாளுக்குள் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இரண்டாவது சங்கடம் அதன் பிள்ளைதான்: மலையைப் பார்த்ததும் மறுபடி அளக்கத் தோன்றும். ஒரு மாலை ஒன்பது முறை அளந்தேன். பயத்தோடு அளந்தால் பயத்தின் அளவுதான் வரும். இரண்டு முறை அளந்ததும் பட்டையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிடும் மனத்திடம் உள்ளவர்களுக்கே செயலி பொருந்தும். 180/120ஐத் தாண்டினால் மட்டும் சில நிமிடங்கள் அமைதியாக இருந்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் மறு அளவுக்கெல்லாம் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

செயலி எடுப்பவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியது, பதிவை பிடிஎஃப் ஆகவோ அட்டவணையாகவோ வெளியே எடுக்க முடிகிறதா என்பதைத்தான். முடியாவிட்டால் போனை மாற்றும் நாளில் இரண்டு வருடக் கணக்கு கைவிட்டுப் போகலாம். பட்டையே இல்லாமல், போன் கேமராமேல் விரலை வைத்தால் பிரஷர் சொல்கிறேன் என்ற செயலிகள் பக்கமே போக வேண்டாம். அப்படிப்பட்ட ஒன்றைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோருக்கு அது "உயர்வில்லை" என்று சொல்லியிருந்தது.

எக்செல் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சராசரி போடவும் அச்சிடவும் அருமையான கருவி. ஆனால் கணினி ஓர் அறையில், பட்டை வேறோர் அறையில். நடுவில் ஒரு துண்டுச்சீட்டு வந்துவிடும், அது தொலையும்.

கண் மங்கிய பெரியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, அளவைத் தானாக அனுப்பும் செயலியைத்தான் சொல்வேன். தொலைவிலிருக்கும் பிள்ளையும் பார்க்க முடியும். ஒரே கருவியை இரண்டு பேர் பயன்படுத்தும் வீட்டில் ஆளுக்கொரு நோட்டு கட்டாயம். எனக்கு நோட்டுதான், ஆனால் கண்காணிப்போடு. 0, 5 ஆட்டத்தை விட்டுவிட்டேன். இரண்டு அளவுகளையும் வந்தது வந்தபடி எழுதுகிறேன். ஞாயிறு மாலையில் கருவியின் நினைவகத்திலிருந்து ஐந்து அளவுகளை எடுத்து நோட்டோடு ஒத்துப்பார்க்கிறேன். போன மாதம் ஒன்றே ஒன்று மாறியிருந்தது: 114ஐ 141 என்று எழுதியிருந்தேன். இந்த முறை காரணம் பாசம் இல்லை, மூக்குக்கண்ணாடி போடாததுதான்.