ஜமாலியாப் பக்கத்து கராஜ்: 1,500 ரூபாவோடு முடிந்த கியர் பிரச்சினை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, போன் அடித்தால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டியிருக்கும். திருகோணமலை ஜமாலியாவில் கடற்கரைப் பக்கமாக இறங்கிப் பழைய ரயர் அடுக்கியிருக்கும் வாசலைத் தேடினால் அதுதான். ஆனாலும் ரேஸ் ட்ராக்குக்கென்று பைக் வைத்திருப்பவர்கள் ஒருதடவை போய்ப் பாருங்கள்.

என்னுடையது பழைய யமஹா ஆர்15. கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காக ரியர் செட் போட்டேன், அதாவது கால் வைக்கும் இடம் மேலேயும் பின்னாலேயும் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் கியர் விழாது, இன்ஜின் மட்டும் அலறும், வளைவை விட்டு வெளியே வரும் நேரத்தில் அப்படி நடந்தால் பின்னால் வருகிறவன் என் முதுகில்தான் ஏறுவான். ரியர் செட் பூட்டித் தந்த இடத்திலேயே கேட்டேன். கியர்பெட்டிக்குள்ளே கியரைத் தள்ளுகிற கியர் ஃபோர்க் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். இன்ஜின் பிரிக்கிற காசுக்கு நான் எங்கே போவது?

அப்படித்தான் இந்த கராஜ்கார நானாவிடம் போனேன். அவர் பைக்கைப் பார்க்கவேயில்லை, என் காலைப் பார்த்தார். "தம்பி, ஓடும்போது போடுகிற சப்பாத்து எங்கே?" நான் போயிருந்தது செருப்போடு. சப்பாத்து இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார். கொதிக்கிற வெயிலில் உவர்மலைக்குத் திரும்பிப்போய் எடுத்து வந்தேன், நல்ல கோபம்.

திரும்பி வந்ததும் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, சப்பாத்தோடு என்னை உட்காரவைத்து, ட்ராக்கில் குனிகிற மாதிரியே குனியச் சொல்லி, குந்தியிருந்து கணுக்காலைப் பார்த்தார். கியர் லீவர் அளவுக்கு மீறிய உயரத்தில் நின்றது. ரியர் செட்டில் முழங்கால் ஏற்கெனவே மடங்கியிருக்கிறது, அதற்குமேல் கணுக்காலைத் தூக்க இடமில்லை, அதனால் லீவர் முழுத்தூரம் போகுமுன்பே கால் நின்றுவிடுகிறது. கியர்பெட்டியில் ஒரு குறையும் இல்லை!

அதோடு விடவில்லை. லீவரையும் கியர் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னக் கையையும் இணைக்கிற ரொட் இருக்கிறதல்லவா, அந்த ரொட்டும் கையும் 90 பாகையில் சந்திக்க வேண்டுமாம். கோணம் சரிந்தால் கால் கொடுக்கிற விசையில் ஒரு பங்கு வீணாகும், மேலே போடும்போது ஒரு கனம், கீழே போடும்போது இன்னொரு கனம். கணக்குக் கொப்பி ஒன்றின் மூலையை வைத்துக் காட்டினார், என்னுடையது நன்றாகவே சரிந்து கிடந்தது. கையைப் பிடித்திருக்கும் போல்ட் ஷாஃப்ட்டில் இருக்கிற பள்ளத்துக்குள்ளால் போகிறது, இளக்கினால் மட்டும் போதாது, முழுக்க உருவ வேண்டும். உருவி, கையை ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளிப் போட்டார். ஒரு பல் என்றால் லீவரில் பெரிய மாற்றம், அதை ரொட்டைத் திருகித்தான் நுணுக்கமாகச் சரிப்படுத்துவது.

எனக்குப் பயம் வந்தது இங்கேதான். ரொட்டின் ஒரு முனை வழமையான மரை, மறுமுனை இடது மரை, அதனால்தான் கழற்றாமலே நடுவில் பிடித்துத் திருகி நீட்டவும் குறுக்கவும் முடிகிறது. முன்பு பூட்டியவர்களுக்கு அது தெரியவில்லை போல, இடது மரை நட்டைப் பிழையான பக்கம் இறுக்கித் திருகி முனையெல்லாம் மழுங்கியிருந்தது, ஒரு பக்கம் மூன்று மரைதான் பிடித்துக்கொண்டு நின்றது. அதிர்வில் கழன்றிருந்தால் ட்ராக்கில் லீவர் சும்மா தொங்கியிருக்கும். நானா புது நட்டுப் போட்டு, இரண்டு முனையிலும் மரை சமமாக உள்ளே இருக்கும்படி வைத்து, பத்தாம் நம்பர் ஸ்பானரால் பூட்டினார். கடற்காற்றில் துருப்பிடித்திருந்த பந்து மூட்டுகளைத் துடைத்து கிரீஸ் வைத்தார்.

அப்படியே கியரைத் தலைகீழாக்கி, ஒன்று மேலே மற்றதெல்லாம் கீழே என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது லீவருக்கு அடியில் காலை நுழைக்கத் தேவையில்லையே என்று என் நியாயம். ஓட்டத்துக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, அவசரத்தில் பழைய பழக்கத்தில் காலைத் தூக்கினால் கியர் இறங்கிப் பின்சில்லு பூட்டிக்கொள்ளும், முடித்துவிட்டு வா என்றார். வருகிற காசை வேண்டாம் என்றவரை என்ன சொல்ல.

குறைகள் உண்டு. இரண்டரை மணி நேரம் எடுத்தார், நடுவில் இரண்டு முச்சக்கரவண்டிகளைக் கவனித்தார். பில் கிடையாது. எனக்கொரு பிளேன்டீ வந்தது, அதுவும் ஆறியிருந்தது. ஓட்டிப் பார்த்து வரச் சொல்லித் தெருவுக்கு அனுப்பினார், மாடும் மானும் குறுக்கே நிற்கிற ஊரில் மூன்றாம் கியரை எங்கே இழுத்துப் பார்ப்பது?

கட்டுக்குருந்தவில்தான் பார்த்தேன், நாள் முழுக்க ஒருதடவைகூட கியர் விழாமல் நடுவில் தொங்கவில்லை. ஐந்திலிருந்து ஆறு மட்டும் கொஞ்சம் கனம், அது கிளட்ச் கேபிள் என்று நினைக்கிறேன். இந்தக் கிழமை திரும்பப் போகவேண்டும், போனை எடுத்தாரென்றால்.