பேட்டரி கார்: டிசி மோட்டாரா, ஏசி மோட்டாரா?

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்கியவர்கள், விருந்தாளிகளைத் தெருத்தெருவாகச் சுற்றிக்காட்ட கோல்ஃப் வண்டி தேடுவதுண்டு. கடைக்காரர் சீட்டையும் கூரையையும் காட்டுவார். நீங்கள் மோட்டாரைக் கேளுங்கள். டிசி (நேர் மின்சாரம்), ஏசி (மாறு மின்சாரம்) என்று இரண்டு வகை உண்டு. இரண்டுமே பெரும்பாலும் 48 வோல்ட் பேட்டரியில்தான் ஓடும்.

டிசி சீரிஸ் மோட்டார் விலை குறைவு. நின்ற இடத்திலிருந்து ஆறு பேரோடு கிளம்பத் திணறாது. ஆனால் சுமை கூடினால் வேகம் இறங்கும். அதன் தொல்லை கார்பன் பிரஷ். மோட்டாருக்குள் சுழலும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர்மேல் உரசியபடியே மின்சாரம் கொடுப்பதால் தேய்ந்துகொண்டே வரும். நம்ம ஊர் செம்மண் புழுதி உள்ளே புகுந்தால் கேட்கவே வேண்டாம். கழற்றினால் கரித்தூள் அப்பிக் கிடக்கும். ஆனால் மோட்டார் வேலை தெரிந்த மெக்கானிக் யாரும் பிரஷ் மாற்றிவிடுவார்.

ஏசி இண்டக்‌ஷன் மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது, தேய்வது பேரிங்தான். பேட்டரியின் டிசியை மூன்று ஃபேஸ் ஏசியாக்க அதற்கென்று கன்ட்ரோலர் வேண்டும். விலை ஏறுவது அங்கேதான். அது பழுதானால் உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்வது கஷ்டம், புதிதாகத்தான் போடவேண்டும். “இறக்கத்தில் பேட்டரி தானே சார்ஜ் ஆகும்” என்பார்கள். உண்மைதான். ஊட்டிக்காரருக்கு லாபம், சமதளமான செட்டிநாட்டில் இறக்கத்துக்கு எங்கே போவது?

கல்யாண சீசனில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு டிசி போதும். தினமும் ஓடுகிற விடுதி வண்டிக்கு நான் ஏசியைத்தான் சொல்வேன், கன்ட்ரோலருக்குத் தனியாக எழுத்தில் வாரண்டி தந்தால்.