வேகக் கணக்கா, அட்டைத் துளையா?

சுங்கை சிப்புட்டில் தோட்டாவை வீட்டில் நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டம் அப்படி. பெர்த்தில் இருக்கும் மச்சான் உரிமத்தோடு செய்கிறார். விடுமுறைக்கு வந்தால் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை இதே வாக்குவாதம்தான்: நிரப்பிய தோட்டா நல்லதா என்று பார்க்க, குரோனோகிராஃப் என்ற வேக மீட்டர் காட்டும் ரவையின் வேகத்தை நம்புவதா, குறி அட்டையில் விழும் துளைகளையா?

100 மீட்டரில் வேகம் பெரிதாகப் பேசாது. நொடிக்கு 800 மீட்டரில் போகும் ரவையின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தால், அட்டையில் இறக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதே வித்தியாசம் 600 மீட்டரில் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். தூரத்துக்குச் சுடுபவருக்கு வேக மீட்டர் அவசியம், சரி. ஆனால் வேகம் ஒரே சீராக இருந்தும் துளைகள் இடமும் வலமும் சிதறலாம். அதை மீட்டர் சொல்லாது.

அட்டையோ எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும்: காற்று, தோள், துப்பாக்கிக் குழல், வெடிமருந்து. எது காரணம் என்று மட்டும் பிரித்துச் சொல்லாது. அப்புறம், மூன்றே துளை நெருங்கி விழுந்ததும் படம் எடுத்து அனுப்புகிறார்களே, அது பெரும்பாலும் அதிர்ஷ்டம். பத்துத் துளை விழட்டும், பார்க்கலாம். மூன்று மூன்றாகச் சுட்டு எடுத்த வேகக் கணக்குக்கும் இதே கதிதான்.

என் ஓட்டு அட்டைக்கு. மச்சான் மீட்டர் கட்சி.