கட்டைவிரல் நிற்பதில்லை: மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் ‘டுடே!’ – பல வருஷம் கேட்ட அனுபவம்

‘டுடே!’ அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் பாடி, 1966இல் வான்கார்ட் ரெக்கார்டு நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். பன்னிரண்டு பாட்டு, ஒரே ஆள், கையில் கிட்டார். அவ்வளவுதான். வாங்கிய புதிதில் இதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் ‘இதமாக இருக்கிறது’ என்று ஒரு வரியோடு முடித்திருப்பேன். பல வருஷம் கேட்டு, கிட்டாரில் வாசித்தும் பழகிய பிறகு சொல்ல நிறைய இருக்கிறது, குறைகளையும் சேர்த்து.

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபு. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது கரகரத்த தொண்டையும் அலறும் கம்பியும்தான். சார்லி பாட்டன், சன் ஹவுஸ் எல்லாம் அந்த வழி. ஜான் ஹர்ட் அந்தக் கட்சியே இல்லை. அவருடைய ஊர் அவலான். மிசிசிப்பி மாநிலம் கேரல் கவுண்டியில், டெல்டா சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவில்தான் பாடுவார். கத்துவதில்லை, கெஞ்சுவதில்லை. கொலைப்பாட்டையும் அதே குரலில்தான் பாடுகிறார்.

இந்த ஆல்பம் எனக்கு அலுக்காததற்குக் காரணம் குரலைவிட அவருடைய வலது கட்டைவிரல். கீழ் ஸ்தாயிக் கம்பிகளில் அது மாறி மாறி, தாளம் தவறாமல் நடந்துகொண்டே இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கம்பிகளில் மெட்டை வாசிக்கும், பெரும்பாலும் தாளத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ விழுகிற மாதிரி. ஒரே ஆள் தவிலும் நாயனமும் வாசித்துக்கொண்டே பாடவும் செய்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் இங்கே நடக்கிறது. இதில் வேடிக்கை, முதல் தடவை கேட்கும்போது எல்லாம் சுலபமாகத் தோன்றும். கிட்டாரை எடுத்து உட்கார்ந்தால்தான் சங்கதி புரியும். கட்டைவிரலைத் தனியாக ஓட்டிவிடலாம், மெட்டையும் தனியாக வாசித்துவிடலாம். இரண்டையும் சேர்த்தால் கட்டைவிரல் மெட்டின் பின்னாலேயே ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்திய பிறகு வாயைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

பழக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ பாட்டில் தொடங்குங்கள். ‘ஜி’ கார்டை (chord, சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) விட்டு அதிகம் நகராது, இடது கைக்கு வேலை குறைவு. கவனம் முழுவதையும் வலது கைக்குக் கொடுக்கலாம். கட்டைவிரலை ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது பேசிப் பாருங்கள். தடுமாறாமல் பேச முடிந்தால் பாடவும் முடியும். ‘லூயிஸ் காலின்ஸ்’, ‘கேண்டி மேன்’ இரண்டும் ‘சி’ கார்டை ஒட்டியவை. அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

‘ஸ்பைக் டிரைவர்’ பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ரயில்பாதைக்குச் சுரங்கம் குடையும்போது சுத்தியலோடு இயந்திரத்தை எதிர்த்துப் போட்டி போட்டு, ஜெயித்து, உயிரை விட்ட ஜான் ஹென்றியைப் பற்றி அமெரிக்காவில் எத்தனையோ பாட்டு உண்டு. பெரும்பாலானவை அவனை வீரனாகத் தூக்கிப் பிடிக்கும். ஹர்ட் தானும் ரயில்பாதை வேலை பார்த்தவர், பாட்டைக் கற்றதும் அங்கேதான். அவர் பாடும் தொழிலாளி வேறு மாதிரி: ஜான் ஹென்றியைக் கொன்ற சுத்தியல் இது, என்னைக் கொல்லாது, மேஸ்திரியிடம் இதைக் கொடுத்து நான் போய்விட்டேன் என்று சொல்லிவிடு என்கிறான். கோஷம் கிடையாது, கோபம்கூட வெளியே தெரியாது. வேலையைப் போட்டுவிட்டு நடக்கிறவனின் நிதானம் அந்தக் கட்டைவிரலில் இருக்கிறது. ஆல்பத்தில் எனக்கு முதலிடம் இந்தப் பாட்டுக்குத்தான். வாங்கிய காலத்தில் இதைக் கவனித்த நினைவே இல்லை.

‘லூயிஸ் காலின்ஸ்’ சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைப் பற்றியது. ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டு ஹர்ட்டே கட்டிய பாட்டு. தாய் அழுகிறாள், ஊரார் சிவப்பு உடுத்துகிறார்கள், தேவதைகள் அவனைக் கிடத்துகிறார்கள். மெட்டு தாலாட்டு மாதிரி போகும். பின்னணியில் ஓடவிட்டால் கொலைப்பாட்டு என்றே தெரியாது.

‘டாக்கிங் கேஸி’யில் அவர் பாடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். 1900இல் மிசிசிப்பியின் வான் என்ற இடத்தில் ரயில் மோதி இறந்த ஓட்டுநர் கேஸி ஜோன்ஸின் கதை. ரயிலின் ஓட்டத்தையும் ஊதலையும் ஸ்லைடு (கம்பிமேல் வழுக்கி நகர்த்தும் குழாய்) வைத்து கிட்டாரிலேயே காட்டுகிறார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் போட்டால் நல்ல வரவேற்பு கிடைக்கும். ‘கேண்டி மேன்’ போடும்போது மட்டும் யோசியுங்கள், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது முழுக்க இரட்டை அர்த்தம். ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் சாமி டேவிஸ் ஜூனியர் பாடிய சம்பந்தமே இல்லாத பாட்டு வந்து நிற்கும், ஹர்ட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ‘காபி ப்ளூஸ்’ஸிலும் குறும்பு உண்டு. மேக்ஸ்வெல் ஹவுஸ் காபிக்கு விளம்பரம் மாதிரி தொடங்கும், ஆனால் அவர் கேட்கிற ‘ஒரு கரண்டி’ காபி இல்லை. ‘லவின் ஸ்பூன்ஃபுல்’ என்ற அறுபதுகளின் ராக் குழுவுக்குப் பெயர் இந்தப் பாட்டிலிருந்துதான் போனது.

ஹர்ட்டின் கதை தெரியாமலும் ஆல்பத்தை ரசிக்கலாம். தெரிந்தால் ஒரு விஷயம் கூடுதலாகக் காதில் விழும். 1928இல் ஓகே என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்காக மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் பாடிப் பதிவு செய்தார். அக்கம்பக்கத்து வெள்ளைக்கார ஃபிடில்காரர் வில்லி நார்மர் சொல்லித்தான் அந்த வாய்ப்பே வந்தது. ரெக்கார்டுகள் பெரிதாக விற்கவில்லை. அடுத்து பொருளாதார வீழ்ச்சி வந்தது, அவர் ஊருக்குத் திரும்பி விவசாயக் கூலியாக உழைத்தார். 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய நாட்டுப்பாடல் தொகுப்பில் அவருடைய இரண்டு பாட்டு இடம்பெற்றது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அப்போது யாருக்கும் தெரியாது. அவலானே என் ஊர் என்று அவர் பாடிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய வரைபடத்தில் ஊரைத் தேடி, 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் நேரே போய்க் கண்டுபிடித்தார். அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடை. 1966 நவம்பரில் மரணம். மொத்தமே மூன்று வருஷப் புகழ்தான். அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள், அதுவும் 2024இல் எரிந்துபோனது.

கூடுதலாகக் காதில் விழும் என்றேனே, அதற்கு வருகிறேன். ‘லூயிஸ் காலின்ஸ்’, ‘கேண்டி மேன்’, ‘ஸ்பைக் டிரைவர்’ மூன்றுக்கும் 1928 பதிவும் இருக்கிறது. அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பழையதில் குரல் இளமை, துடிப்பும் அதிகம். ‘டுடே!’யில் எழுபதைத் தாண்டிய மனிதரின் குரல், கொஞ்சம் தழைந்து, மூச்சு விட்டு வருகிறது. விரல்கள் அதே விரல்கள். இடையில் முப்பத்தைந்து வருஷம் ரெக்கார்டு கம்பெனி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. மாட்டை மேய்த்து, வயலில் நின்று, ஓய்ந்த நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு வாசித்திருக்கிறார். யாரையும் அசத்த வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. அந்தத் தேவை இல்லாமல் வாசித்த வாசிப்புத்தான் இந்த ஆல்பத்தில் எனக்குச் சலிக்காதது. திறமையைக் காட்டிய எத்தனையோ கிட்டார் ஆல்பங்கள் என் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன.

குறைகளுக்கு வருகிறேன். வேகம் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் ஒன்றுதான். ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்டால் நடுவில் மனம் எங்கேயாவது போய்விடும், நான் பாதி பாதியாகத்தான் கேட்கிறேன். ‘ஹாட் டைம் இன் தி ஓல்ட் டவுன் டுநைட்’ வந்தால் தாண்டிவிடுவேன். எல்லோரும் பாடித் தேய்த்த பழைய பாட்டு, இவர் கைபட்டும் புதிதாக எதுவும் ஆகவில்லை. கடைசியில் வரும் ‘ப்யூலா லேண்ட்’ பக்திப்பாட்டை ரொம்ப நாள் தாண்டினேன், இப்போது தாண்டுவதில்லை. உச்சரிப்பு தெற்கத்தியது, சொற்கள் முழுகும். வரிகளை ஒருமுறை எழுத்தில் படித்துவிட்டுக் கேட்பது நல்லது.

எதில் கேட்பது என்பது இந்த ஆல்பத்துக்கு ரொம்ப முக்கியம். கிட்டாரின் தடித்த கம்பியின் அதிர்வு 82 ஹெர்ட்ஸ் பக்கம். போன் ஸ்பீக்கரில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வராது. அதாவது கட்டைவிரல் காணாமல் போய்விடும், மிஞ்சுவது ஒரு வயசாளி முனகுவதும் மேல் கம்பியின் கிணுகிணுப்பும். ‘என்ன இதில் இருக்கிறது’ என்று கேட்ட நண்பர்களில் பாதிப் பேர் போனில் கேட்டவர்கள். சுமாரான ஹெட்போன் போதும், இல்லையென்றால் ஒரு நடுத்தர ஸ்பீக்கர். பேஸை (கீழ் ஸ்தாயி ஒலியை) ஏற்றிக் கேட்காதீர்கள், கம்பியும் மரமும் சேர்ந்து தரும் நாதம் கெட்டுவிடும். எல்பி இசைத்தட்டுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கத் தேவையில்லை. சத்தம் குறைந்த ஆல்பம் என்பதால் தேய்ந்த எல்பியின் பொரிச்சத்தம் பாட்டுக்கு மேலே ஏறி உட்காரும். நான் டிஜிட்டலில்தான் கேட்கிறேன்.

பிடித்துப்போனால் அடுத்து எது? 1928இன் பதிமூன்று பாட்டும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். ‘தி பெஸ்ட் ஆஃப் மிசிசிப்பி ஜான் ஹர்ட்’ என்ற தலைப்பைப் பார்த்து ஹிட் தொகுப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது 1965இல் ஓபர்லின் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு, கூட்டத்தோடு அவர் எப்படிப் பழகுகிறார் என்பது அதில்தான் கேட்கும். 1972இல் வந்த ‘லாஸ்ட் செஷன்ஸ்’ கடைசிக் காலப் பதிவு. அதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.