99ஆம் நம்பர் பஸ்ஸைக் கண்டிப் பக்கம் திருப்பிய டீசேர்ட்

மலையகத்து பஸ்ஸையும் கோச்சியையும் டீசேர்ட்டில் அச்சடித்து விற்பது புதிதல்ல. எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரருக்காக ஒன்பது வளைவுப் பாலத்தை எத்தனையோ பேர் வரைந்து தள்ளிவிட்டார்கள். கண்டியில் ஒரு சின்னக் கடை போட்டிருக்கும் மூன்று டிசைன்கள் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. பாலம் இல்லை, கொழுந்துக் கூடை இல்லை. தினம் டவுனுக்குப் போய்வருகிறவர் கண்ணில் படுகிற சாமான்கள்தான்: பஸ் போர்டு, டிக்கெட், ஸ்டேஷன் பெயர்ப்பலகை. எதை எடுத்தாலும் 2,400 ரூபாய். ஆனால் மூன்றும் ஒரே தரமில்லை.

முதலில் சிவப்பு. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸின் சிவப்பில் துணி, அதில் வெள்ளை எழுத்தில் ‘99 கொழும்பு – பதுளை’. தூரத்திலிருந்து எடுப்பாகத்தான் இருக்கிறது. கிட்டப் போனால், போர்டுக்குக் கீழே வரைந்த பாதைக் கோட்டில் கண்டியும் நுவரெலியாவும் உட்கார்ந்திருக்கின்றன. 99 அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, அப்புத்தளை, பண்டாரவளை என்று போகிற பஸ். கண்டியை எட்டியும் பார்ப்பதில்லை. இதைப் போட்டுக்கொண்டு அப்புத்தளையில் இறங்கினால் பஸ் ஸ்டாண்டே சிரிக்கும்.

அதைவிட மோசம் எழுத்து. ‘நுவரெலியா’வில் ஒற்றைக்கொம்பு ர-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் லி-யோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கொழும்பு’வின் முதல் எழுத்தும் பிரிந்து கிடக்கிறது. இது கைப்பிழையல்ல. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பிறகு பதிவாகி, திரையில் முன்னால் வந்து நிற்கவேண்டும். அந்த வேலையைச் செய்யும் அமைப்பு டிசைன் மென்பொருளில் தனியாகத் தெரிவுசெய்ய வேண்டியதாக இருக்கும். அதை விட்டுவிட்டால் எல்லாக் கொம்பும் இடம் மாறும். சிங்கள வரிக்கும் இதே வில்லங்கம் உண்டு, ஆனால் அதை யாரோ பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். தமிழ் வரியை யாருமே வாசிக்கவில்லை. வேறிடத்தில் சரியாக அமைத்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிக் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை.

இன்னொரு பழுது வாங்கும்போது தெரியாது. லேபிளில் பொலியெஸ்டர் 65, பருத்தி 35 வீதம். பிளாஸ்டிசோல் என்ற பிளாஸ்டிக் அச்சு மை இறுக ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பொலியெஸ்டரின் சிவப்புச் சாயம் கிளம்பி மேலே உள்ள வெள்ளை மைக்குள் ஏறும். கடையில் வெள்ளையாக இருக்கிற எழுத்து இரண்டு மூன்று கிழமையில் ரோஸ் ஆகிவிடும், துவைத்தாலும் துவைக்காவிட்டாலும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பயனில்லை. அச்சடிக்கிறவர் அடியில் சாம்பல் நிறத் தடுப்பு மை ஒரு பூச்சுக் கொடுத்திருக்கவேண்டும், இல்லையென்றால் முழுப் பருத்தித் துணிக்குப் போயிருக்கவேண்டும்.

டிக்கெட் டிசைன் சுருக்கமானது, நல்லது. நெஞ்சில் சின்னதாக பஸ் டிக்கெட். முதுகில் அதன் பின்பக்கம், பேனாக் கிறுக்கலில் ‘மிச்சம் 40’. சில்லறை இல்லையென்று கண்டக்டர் எழுதிக் கொடுத்த அந்த நாற்பது ரூபாயை இறங்கும்போது கேட்க மறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளிர் பருத்தியில் ஒரே கறுப்பு, தண்ணீர் மை. தடவினால் அச்சே கையில் தட்டுப்படாது.

மூன்றில் கெட்டி பட்டிப்பொல ஸ்டேஷன் பெயர்ப்பலகை. இலங்கையில் மிக உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன், 6,226 அடி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, ஓரத்தில் உரிந்த பெயின்ட் எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. இங்கே ‘பொ’ உடையவில்லை; பலகையைப் பார்த்துக் கையால் வரைந்திருப்பார்கள் போலிருக்கிறது. குறை துணியில். 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணியின் எடை, கிராமில்) கனம். நுவரெலியாப் பக்கம் மழை மாதத்தில் அது காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அதற்குள் முடை நாற்றம் ஏறிவிடும். 160 முதல் 180 போதும்; குளிருக்கு எப்படியும் மேலே ஸ்வெட்டர் போடத்தானே போகிறோம். நெஞ்சை அடைத்து ஒரே பாளமாக மை பூசியிருப்பதால் ஏற்றம் ஏறும்போது உள்ளே வேர்வை தேங்கும்.

வாங்குமுன் அச்சை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். காய்ந்த சேறு மாதிரி வெடித்தால் மை அடிவரை வேகவில்லை, பத்துத் தடவை துவைப்பதற்குள் உதிரும். பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்றும் பாருங்கள். முன்பக்கம் திரும்பியிருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். பட்டிப்பொலவின் துணியை முன்கூட்டிச் சுருக்கவில்லை என்று கடைக்காரரே சொல்கிறார். அப்படியான பருத்தி நீளத்தில் 5 வீதம் வரை சுருங்கலாம், 28 அங்குலத்தில் ஒன்றரை அங்குலத்துக்குக் கிட்ட. ஆகவே அதில் ஒரு சைஸ் கூட எடுங்கள், உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள், அடுப்புக்கு மேலே கொடியில் போடாதீர்கள்: புகை மணம் பிடித்தால் போகாது, மையும் இளகும். டிக்கெட் சட்டை உங்கள் வழக்கமான சைஸிலேயே சரியாக இருக்கும். சிவப்பை, பாதையையும் கொம்பையும் திருத்திப் பருத்தியில் அடிக்கும்வரை தொடவேண்டாம்.