ஸ்போர்ட்டிவா, ஃப்ராலிக்சமா?

விளையாட்டுத்தனத்தைச் சொல்ல இன்றைய ஆங்கிலத்தில் ‘பிளேஃபுல்’ போதும். பழைய எழுத்துக்குள் நுழைந்தால், அதே வேலைக்கு ஸ்போர்ட்டிவ், ஃப்ராலிக்சம், கேம்சம், வான்டன் என்று நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

வம்பெல்லாம் ஸ்போர்ட்டிவில்தான். ‘ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள்’ என்று நம் ஊரில் சொன்னால், கேலியையும் தோல்வியையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள் என்று பொருள். இங்கிலாந்துக்காரர் அந்த இடத்தில் ‘ஸ்போர்ட்டிங்’ என்பார். பழைய வழக்கிலோ ஸ்போர்ட்டிவ் என்பது துள்ளல், குறும்பு, சமயத்தில் சரசமும்கூட. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட், ‘ஸ்போர்ட்டிவ்’ சேட்டைகளுக்கு ஏற்ற உடல் தனக்கு வாய்க்கவில்லை என்று முதல் காட்சியிலேயே பொருமுகிறான். அவன் ஏங்குவது பந்தாட்டத்துக்கு அல்ல, காதலுக்கு. 1798இல் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், ‘வை’ என்னும் ஆற்றின் கரையில் மனம்போனபடி வளர்ந்து கிடந்த வேலிப் புதர்களுக்கு இதே அடைமொழியைச் சூட்டினார். புதர்கள் ஓடிப்பிடித்து விளையாடுவதுபோல் ஒரு தோற்றம் அந்த வரியில் வந்துவிடுகிறது.

ஃப்ராலிக்சத்துக்கு அந்த நளினம் கிடையாது. மகிழ்ச்சியைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் வழி வந்தது. நாய்க்குட்டி, கன்றுக்குட்டி, பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகள் என்று கால்கள் துள்ளும் இடமெல்லாம் பொருந்தும். பெரியவர் ஒருவரின் நகைச்சுவைக்குச் சூட்டினால் ஒட்டாது. ஆனாலும் நம் வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதுவதென்றால் என் ஓட்டு இதற்கே. ஸ்போர்ட்டிவ் என்று எழுதினால், அவர் மனத்தில் கிரிக்கெட் மட்டைதான் வந்து நிற்கும்.

கேம்சம் வழக்கொழிந்த சொல். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், ஓட்டப்பந்தயம் பார்க்கக் கூப்பிடும் காசியஸிடம், ‘நான் கேம்சம் அல்ல’ என்று புரூட்டஸ் ஒதுங்குவது அழகான இடம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வான்டனிடம் எச்சரிக்கை தேவை. ‘கட்டுப்பாடின்றி வளர்ந்த’ என்பது அதன் வேர்ப்பொருள். ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் ஈக்களைக் கொன்று விளையாடும் சிறுவர்கள் வான்டன், அங்கேயே விளையாட்டில் கொடூரம் கலந்துவிட்டது. ஒழுக்கக்கேடு என்ற பொருளும் அதன்மேல் படிந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 153ஆவது பிரிவாகவும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 192ஆவது பிரிவாகவும், கலவரத்தைத் தூண்டும் குற்றத்தோடு இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. பேரப்பிள்ளையின் சேட்டையை வருணிக்க இதைத் தேடிப் போகாதீர்கள்.