‘புது’ டிராக் டயர் நான்கில் இரண்டு ஏற்கெனவே ஓடியவை: ரிம்மில் ஏற்றும் முன் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்கு, சாலையிலும் ஓட்ட அனுமதியுள்ள டிராக் (பந்தயத் தட) டயர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. கையே படாத புதுச் சரக்கு என்று ஒரு விற்பனையாளர் கொடுத்த நான்கில் பின் டயர்கள் இரண்டும் முன்பே டிராக்கில் ஓடித் தேறாமல் போனவை. மேலே பளபளவென்று கறுப்பு பாலிஷ் பூசியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. வேகமான வளைவில் காரின் பின்பக்கம் திடீர் திடீரென்று வழுக்கத் தொடங்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. “ரிம்மில் ஏற்றிய டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அதைக் காட்டி முடித்துவிட்டார்கள். எனவே கீழே உள்ள சோதனைகள் எல்லாம் டயரை மெஷினில் வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

முதலில் தேதி. சைட்வாலில் (டயரின் பக்கச் சுவரில்) டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் குறி) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2219 என்றால் 2019இன் 22ஆவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் பிறகு காருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். நான்கையும் தனித்தனியே பாருங்கள். இந்த செட்டில் முன் ஜோடி 2023, பின் ஜோடி 2019.

ஆனால் தேதி மட்டும் போதாது. இந்த வகை ரப்பர் ஒவ்வொரு முறை 80–100 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். ட்ரெட் (சாலையைத் தொடும் பகுதி) தேயாமலே பிடிப்பு போய்விடும். நிழலில் இரண்டு வருடம் சும்மா கிடந்த டயரைவிட, ஆறு மாதத்தில் பல முறை டிராக்கைப் பார்த்த டயர் மோசம். “ட்ரெட் இன்னும் நிறைய இருக்கே சார்” என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

ஓடிய டயரைக் காட்டிக்கொடுக்கும் இடம் ட்ரெட் அல்ல, ரிம்மில் உட்காரும் விளிம்பு. ஒருமுறை ஏறி இறங்கிய டயரில் அங்கே ரிம் பதிந்த கோடும், லீவர் கீறலும், காய்ந்த சோப்புத் தடமும் இருக்கும். பாலிஷ் அடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். அடுத்து, பள்ளங்களுக்குள் சிக்கிய ரப்பர் துணுக்குகள், ட்ரெட் மேல் நீலம் பாரித்த சாயல்.

ஷோர் ஏ அளவுகோல் (ரப்பரின் கடினத்தை அளப்பது, எண் கூடினால் கடினம் கூடுதல்) உள்ள கடினமானி கிடைத்தால் நான்கையும் ஒரே வெப்பநிலையில், நிழலில் அளந்து பாருங்கள். சூடான டயர் மென்மையாகவே காட்டும். தனி எண்ணைவிட டயர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். இங்கே முன் டயர்கள் 60ஐ ஒட்டியும் பின் டயர்கள் 75க்கு மேலும் காட்டின. ரப்பரை இளக்கும் திரவம் தடவி இந்தச் சோதனையையும் ஏமாற்ற முடியும். தின்னர் வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள். திரவத்தால் வந்த அந்த மென்மை நன்றாகச் சூடானதும் போய்விடும்.

விற்பனையாளரிடம் கேள்வி கேட்டால் வரும் பதில்கள் மூன்று.

ஒன்று, “டிராக்குக்காகச் சீவிய டயர்”. சீவுவது உண்மையான வழக்கம்தான்: உயரம் குறைந்தால் ட்ரெட் கட்டைகள் நெளிவது குறையும், சூடும் குறையும். ஆனால் சீவிய டயரில் கட்டைகளின் ஓரம் கூர்மையாக இருக்கும், ஆழம் அகலம் முழுக்க ஒரே அளவாக இருக்கும். ஓடித் தேய்ந்ததில் ஓரம் மழுங்கி, தோள் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும். ஆழமானியால் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளந்தால் போதும்.

இரண்டு, “ட்ரெட்வேர் 200, எல்லாம் ஒண்ணுதான்”. இது சுத்தப் பிதற்றல். சைட்வாலில் உள்ள அந்த எண்ணைத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். அது தேய்மானத்துக்கான எண், பிடிப்புக்கானது அல்ல. யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் ஆர்எஸ்4 மூன்றிலும் 200 என்றே இருக்கும். ஏ052 ஒன்றிரண்டு சுற்றுக்கு அபாரமாகப் பிடிக்கும், பிறகு சூடேறித் தளரும். ஆர்எஸ்4 அந்த வேகம் தராது, ஆனால் நாள் முழுக்கத் தாங்கும். கேட்ட டயர் இல்லையென்றால் 200ஐக் காட்டி வேறொன்றைத் தள்ளிவிடுவார்கள். ஏ052 அதே அளவிலுள்ள மற்ற டயர்களைவிட அகலமாக உட்காரும், ஃபெண்டரில் உரசுகிறதா என்று முன்பே பார்க்க வேண்டும்.

மூன்று, “நீங்க காத்து சரியா வைக்கல”. இதற்குப் பதில் குறிப்பேடுதான். குளிர்ந்த நிலையில் 26 பி.எஸ்.ஐ. வைத்தால் டிராக்கில் 6–8 ஏறும்; பல கார்களுக்கு 32–34க்குள் நின்றால் சரி. பிட்டுக்குள் (டிராக் ஓரம் கார் நிறுத்தும் இடம்) வந்ததும் ஊசி வெப்பமானியால் ட்ரெட்டின் மூன்று இடத்திலும் அளந்து எழுதுங்கள். நடுப்பகுதி மட்டும் கொதித்தால் காற்று அதிகம். உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது கேம்பரால் (சக்கரத்தின் சாய்வால்) வருவது, சாதாரணம். மூன்றும் ஒத்துப்போயும் பிடிப்பு இல்லையென்றால் குற்றம் ரப்பரில். (வீடு திரும்பும் முன் காற்றைத் திரும்ப நிரப்புங்கள், டிராக்கில் இறக்கியது ஆறியதும் அபாயமான அளவுக்குக் குறைந்திருக்கும்.)

சாலை அனுமதிக்கு வட்டத்துக்குள் இ எழுத்தும் எண்ணும் கொண்ட ஐரோப்பிய முத்திரையோ டி.ஓ.டி. குறியோ, உங்கள் நாட்டுச் சட்டப்படி எது வேண்டுமோ அது இருக்க வேண்டும். போட்டிக்கு மட்டும் என்று சைட்வாலில் அச்சிட்டிருந்தால், பள்ளம் வெட்டியிருந்தாலும் அது சாலை டயர் அல்ல. லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது.

பில்லில் டயரின் முழுப் பெயர், அளவு, நான்கின் டி.ஓ.டி. எண்கள் எல்லாம் எழுதி வாங்குங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இறுகிய ஜோடியைப் பின் சக்கரத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டாம், குறிப்பாக ஈரத்தில். நான்கும் ஒரே அளவென்றால் தற்காலிகமாக அதை முன்னே போடுங்கள். கார் வளைவில் வெளியே தள்ளும், ஆனால் எளிதில் சுழலாது. முன்னும் பின்னும் வேறு அளவென்றால் பின் ஜோடியை உடனே மாற்றுவதுதான் வழி.